வெள்ளைக் கையுறைப் படமும் முனவர் பேகமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரிப் படங்கள் ஆகாது. படம் என்றால் கதை வேண்டும், சண்டை வேண்டும், இடைவேளைக்கு முன்னால் யாராவது ஒருவர் சாக வேண்டும். ஒரு ஆள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குவதை இருபது நிமிடம் பார்க்கச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு, உலகம் பூராவும் இருக்கிறவர்களுக்கு ‘இதைப் பாருங்கள், அதைப் பாருங்கள்’ என்று ஓசூரிலிருந்து கடிதம் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியோடு ஆறு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்திருக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முனவர் பேகம் என்று பெயர். ஓசூரில் கிருஷ்ணகிரி ரோட்டில் இருந்த கிரானைட் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. லாரி, லோடு, துறைமுகம் எல்லாம் என் பொறுப்பு. நான் சுடலைமுத்து, திருநெல்வேலிப் பக்கம். பர்கூர் குவாரியிலிருந்து வரும் கல் ஒவ்வொன்றையும் பற்றி வெளிநாட்டு வியாபாரிகளுக்கு அவள் ஈமெயில் எழுத வேண்டும். எங்கள் முதலாளி சென்னகிருஷ்ணனுக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. “குறைய நாம முன்னாடியே சொன்னா வாங்கிக்குவான். அவனே கண்டுபிடிச்சா கல்லு திரும்பி வரும்” என்பார். அதனால் முனவரின் கடிதங்களில் எப்போதும் மூன்றே தலைப்புகள்தான். குறை, குறை இருக்கும் இடம், முடிவு. கறுப்புக் கல்லில் இடது மூலையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு இருந்தாலும் அதைத்தான் முதலில் எழுதுவாள். கடைசியில் ‘அனுப்பலாம்’ என்றோ ‘அனுப்ப வேண்டாம்’ என்றோ இருக்கும்.

அவள் வீட்டுக்காரர் கரீம் கல்யாண வீடியோ எடுப்பவர். ஓசூரில் தொடங்கி அஞ்செட்டி மலை வரைக்கும் எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் எல்லோர் கல்யாணத்திலும் கரீம் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். 1998 ஆனி மாதம் பெங்களூரில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கலாச்சார நிலையத்தைக் காலி செய்தார்கள். அங்கே கிடந்த பழைய வீடியோ கேசட்டுகளை எடை போட்டு விற்றார்கள். கரீம் இரண்டு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். மொத்தம் எண்பத்து நாலு கேசட். முதுகில் இருக்கும் ஓட்டையில் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டிவிட்டால் போதும், எந்தக் கேசட்டிலும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியலாம். அந்த எண்பத்து நாலிலும் கல்யாணம் பதிய வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

பதிவதற்கு முன் நாடாவில் பூஞ்சை இருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அதை முனவரிடம் விட்டார். அதிகாலைத் தொழுகை முடித்துவிட்டு, அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால் அவள் முதல் கேசட்டைப் போட்டாள். அன்றைக்கு ஆபீசுக்கு வரும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பயமாகவே இருந்தது, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

“அண்ணா, ஒரு ஆளு நாற்காலிய எடுத்துக்கிட்டு ஆத்துக்குள்ள போறாரு. போறாரு, போறாரு, போயிட்டே இருக்காரு. ஆளு முழுகிட்டாரு. நாற்காலி மெதக்குது!”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்.”

“இதுக்கா இந்தக் குதி குதிக்க?”

“ஐயோ, உங்களுக்குச் சொல்லத் தெரியலண்ணா எனக்கு” என்று சொல்லிவிட்டு மேசையைத் தட்டினாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் இணைய இணைப்பு வந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதலாளி மதியம் சாப்பிடப் போனால் இரண்டரை மணிக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் முனவர் உலகத்தைச் சுற்றுவாள். அப்படிச் சுற்றும்போதுதான், சினிமாப் பைத்தியம் பிடித்த தமிழர்கள் நூற்று நாற்பது பேர் ஒருவருக்கொருவர் ஈமெயில் போட்டுக்கொள்ளும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தாள். டொராண்டோவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், பெங்களூரில் நாலைந்து பேர். ஒருவர் எழுதினால் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். அதுவரை அவள் அதில் வாயே திறந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் கடிதம் போட்டாள். கல்லைப் பற்றி எழுதி எழுதிப் பழகிய கை, படத்தைப் பற்றியும் அப்படியேதான் எழுதியது.

‘குறை: கதை இல்லை, பேச்சு இல்லை. முதல் ஆறு நிமிடம் நாற்காலி மட்டும்தான். குறை இருக்கும் இடம்: தொடக்கம். முடிவு: அனுப்பலாம். ஒன்பதாவது நிமிடத்தில் ஆள் மூழ்குகிறார், நாற்காலி மிதக்கிறது. அப்போது நீங்கள் யாருக்காகப் பயப்படுகிறீர்கள் என்று கவனியுங்கள். நான் நாற்காலிக்காகப் பயந்தேன்.’

கேசட்டின் மேல் இருந்த வெளிநாட்டுப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கீழே சேர்த்தாள். மறுநாள் பதினேழு பதில்கள் வந்திருந்தன. டொராண்டோக்காரர் தன் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் தேடி அதே படத்தைக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டு, ‘நானும் நாற்காலிக்காகத்தான் பயந்தேன்’ என்று எழுதியிருந்தார். முனவர் அதை எனக்கு நாலு தடவை படித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு ஒப்பந்தம் நடந்தது. அவள் பார்த்து முடிக்காத கேசட்டைக் கரீம் தொடக் கூடாது. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் முதலில் அவளுக்கு நல்ல அவகாசம் கிடைத்தது. ஆவணி பிறந்ததும் ஓட்டப்பந்தயம்தான். ஒரு கல்யாணம் மூன்று கேசட்டைத் தின்னும். முகூர்த்த நாளில் அவள் விடியற்காலையில் இரண்டு பார்ப்பாள், அவர் சாயங்காலம் மூன்றை அழிப்பார். ஒருநாள் ஒரு கிழவி ஐம்பது நிமிடம் கதவைத் திறந்து திறந்து மூடினாள். இன்னொரு நாள் திரை முழுக்க நீலம், வேறு எதுவுமே இல்லை. அதிலும் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் குதித்தாள். “நீலத்துக்குள்ள ஒரு தூசி இருக்குண்ணா! இருபத்து மூணாவது நிமிஷத்துல நகருது!” நான் லாரி டிரைவரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

குழுவில் அவள் பேர் நன்றாகவே ஏறிவிட்டது. ‘ஓசூர் முனவர் அனுப்பலாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தேடலாம்’ என்று எழுதுகிற அளவுக்கு. குறையை மறைக்க மாட்டாள், கடைசிவரை பார்க்காததைச் சொல்ல மாட்டாள், அதுதான் காரணம். எழுபது படத்துக்குமேல் பார்த்ததில் இருபத்தியெட்டைத்தான் ‘அனுப்பலாம்’ என்று எழுதியிருந்தாள். எட்டாவது வரை படித்துவிட்டுத் தட்டச்சு கற்றுக்கொண்டு வேலைக்கு வந்த பெண். அவள் சொன்ன வார்த்தையை நம்பி எங்கெங்கோ இருக்கிற பேராசிரியர்கள் நூலகத்தில் போய்த் தேடினார்கள் என்றால், அந்தப் பெருமை எனக்கே கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் தை மாதம் அந்தக் கேசட் வந்து மாட்டியது. மேலே 47 என்று எண் போட்டு ஏதோ வெளிநாட்டு எழுத்து. அதைப் பார்த்த அன்று முனவர் அரை மணி நேரம் தாமதமாக ஆபீசுக்கு வந்தாள். மதியம் முதலாளி கிளம்பியதும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

‘குறை: முகம் இல்லை, சத்தம் இல்லை, நாற்பது நிமிடமும் ஒரே மேசை. குறை இருக்கும் இடம்: முழுவதும். முடிவு: உடனே அனுப்பலாம். கப்பலில் வேண்டாம், விமானத்தில் அனுப்பலாம். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள் சின்னச் சின்னச் சாமான்களை எடுத்து எதையோ பூட்டுகின்றன. என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கைகளுக்கு அவசரமே இல்லை, ஆனால் சோம்பலும் இல்லை. ஓரத்தில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கைகள் அவற்றைச் சட்டை செய்வதில்லை. முப்பத்தொன்றாவது நிமிடம் வரை பொறுத்திருங்கள். அங்கே கைகளுக்கு என்னவோ ஆகிறது. நாலே நாலு தடவை, கண்ணால் பிடிக்க முடியாத வேகம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பழையபடி திரும்பிவிடுகின்றன. அந்தக் கைகளுக்கு உரியவர் யாராக இருந்தாலும், அந்த நிமிடத்தில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சத்தியம் செய்வேன்.’

குழு ரெண்டுபட்டது. எங்கே கிடைக்கும், யார் எடுத்தது, எந்த வருஷம் என்று ஒரே கேள்வி. டொராண்டோக்காரர் அந்தப் பெயரில் இருந்த படத்தைக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டு, ‘இது பதினோரு நிமிடப் படம். இதில் ஏரிதான் இருக்கிறது. கையே இல்லையே அம்மா’ என்று எழுதினார். சிங்கப்பூர்க்காரர் ஒருவர், அவருக்கு முனவர் மேல் முன்பே ஒரு காய்ச்சல், ‘இப்படி ஒரு படமே இருக்காது, அவரே கற்பனை செய்து எழுதுகிறார்’ என்று போட்டார். அதைப் படித்து எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

பெங்களூரில் ஃபிலிம் சொசைட்டி நடத்தும் அழகர்சாமி என்பவர், நேரில் பார்த்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். நான்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரை முனவர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கரீம் அஞ்செட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அழகர்சாமி டீயைத் தொடாமல் நாற்பது நிமிடமும் பார்த்தார். முப்பத்தொன்றில் எழுந்தே நின்றுவிட்டார்.

“அம்மா, இது சாதாரணப் படமில்ல. இந்த மாசக் கடைசியில எங்க ஹால்ல போடறோம். நீங்கதான் மேடை ஏறி அறிமுகம் செய்யணும். ‘ஓசூர் முனவர் பரிந்துரைக்கும் படம்’னு அழைப்பிதழ் அடிச்சு, ஓசூர் கம்பெனி ஆபீசர் கிளப்புக்கெல்லாம்கூட அனுப்பறேன். எடுத்தது யாருன்னு மட்டும் எப்படியாவது கண்டுபிடிங்க.”

அவர் கிளம்பிப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முனவர் மறுபடியும் படத்தை முதலிலிருந்து போட்டிருந்தாள். கரீம் கேமரா பையோடு உள்ளே வந்தார். டி.வி.யைப் பார்த்தார்.

“அட, சுவிட்ச் கம்பெனி. இத ஏன் போட்டுப் பாத்துட்டிருக்கீங்க?”

“எந்தக் கம்பெனி?” என்றாள் முனவர்.

“ஸிப்காட்ல ஒண்ணு இருக்குதில்ல, வண்டிக்கு ஹாரன் சுவிட்ச் செய்யறாங்களே. ஒரு வேலைக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு அளக்கறாங்களாம். கை மட்டும் தெரிஞ்சாப் போதும், ஓரத்துல நேரம் ஓடணும்னாங்க. ஐப்பசி மாசம் அங்க வேலை செய்யற ஒரு அம்மா கைய நான்தான் எடுத்தேன். அவசரத்துக்கு உன் சாக்குலருந்து ஒண்ண உருவிட்டுப் போனேன். கேசட்ட யாரும் கேக்கவே இல்ல, திரும்பச் சாக்குலயே போட்டுட்டேன்.”

“சத்தம் ஏன் இல்ல?”

“கல்யாணத்துக்கு மைக்க எப்பவும் ஆஃப்லதானே வைப்பேன். அப்புறமா சினிமாப் பாட்டுப் போடறதுக்கு. பழக்க தோஷம்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஃபிலிம் சொசைட்டிக்காரர் எழுந்து நின்றதை நினைத்தால் இன்னும் மோசமாகிவிட்டது. முனவர் முகம் வெளுத்துப் போயிற்று. எத்தனை மாசமாகச் சேர்த்த பேர். கல்லைப் பார்க்காமலே முத்திரை குத்தியது மாதிரி ஆகிவிட்டது. நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். அவளோ கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பினாள். கண் இரண்டும் பளபளவென்று இருந்தது.

“அண்ணா! அப்படின்னா அந்தக் கைக்குச் சொந்தக்காரி இந்த ஊர்லதானே இருக்கா!”

அதை நான் யோசிக்கவே இல்லை. அவளுக்கு அவமானம் ஐந்து நிமிடத்தில் பறந்துவிட்டது. உண்மையை அப்படியே எழுதிவிடப் போவதாகச் சொன்னாள். இது கலைஞன் எடுத்த படமில்லை, ஓசூர்க் கம்பெனியில் ஒரு பெண் வேலை பார்ப்பது, நான் ஏமாந்தேன், ஆனால் பார்த்தது பொய்யில்லை என்று எழுதுவாளாம். அந்தப் பெண்ணையே மேடையில் ஏற்றுவாளாம். “இதவிட நல்ல முடிவு எந்தப் படத்துலண்ணா இருக்குது?” என்று கேட்டாள். எனக்கும் அந்த வேகம் தொற்றிக்கொண்டது. அந்தப் பெண்ணைக் கேட்காமல் எழுதக் கூடாது என்பதால் அன்றைக்கு எழுதவில்லை, அவ்வளவுதான். அல்லா காப்பாற்றினார் என்று பின்னால் முனவர் சொன்னாள்.

கரீமுக்கு அந்தப் பெண்ணின் பேர் நினைவிருந்தது. நாகம்மாள். மறுநாள் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்குப் பெண்கள் கம்பெனி பஸ்சிலிருந்து இறங்கும் இடத்தில், முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம். முப்பத்தைந்து வயசிருக்கும், விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு. ‘உங்க கையப் படத்துல பாத்தோம்’ என்று முனவர் சொன்னதும் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஆசை ஜெயித்துவிட்டது. அடுத்த நாள் சாயங்காலமே முனவர் வீட்டுக்கு வந்தாள்.

படம் ஓட ஆரம்பித்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஆத்தீ, என் கையா இது! அம்புட்டு அழகாவா இருக்கு?” முனவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பாருங்க, அதைப் பாருங்க என்று நாகம்மாள் கையை நாகம்மாளுக்கே காட்டிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் பெரிய திரையில் போடப் போகிறார்கள், நீங்களும் வர வேண்டும் என்றாள். நாகம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு பிடித்தது என்று எங்களுக்குத் தெரிந்தது.

முப்பத்தொன்றாவது நிமிடம் வந்தது. நாலு தடவை கை பறந்தது. நாகம்மாளின் சிரிப்பு நின்றுபோயிற்று.

“இது எப்படிக்கா பதிஞ்சுச்சு?”

“அதுதானே படமே!” என்றாள் முனவர்.

“ஐயோ அக்கா. இத யாருக்கும் காட்டிராதீங்க.”

பிறகு சொன்னாள். ஸ்டாப்வாட்ச்சோடு இன்ஜினியர் வந்து நின்றால் லைனில் இருக்கும் நாற்பத்திரண்டு பெண்களும் கையை மெதுவாக்கிவிடுவார்கள். அது சும்மா வராது. நிறுத்தி நிறுத்திச் செய்தால் கண்டுபிடித்துவிடுவார். கை நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது, ஒவ்வொரு சாமானையும் முழுசாக எடுத்து முழுசாக வைக்க வேண்டும். பதினைந்து நாள் பழகிவிட்டு, யாருக்கு நன்றாக வருகிறதோ அவளைத்தான் அளக்க உட்கார வைப்பார்கள். அப்படி அளந்து போட்டதுதான் ஒரு ஷிப்டுக்கு ஒருத்தி நானூற்றி எண்பது சுவிட்ச் பூட்ட வேண்டும் என்ற கணக்கு. புள்ளைத்தாய்ச்சியும், கைவலிக்காரியும், முந்தாநாள் சேர்ந்த புதுப்பெண்ணும் அந்த நானூற்றி எண்பதை எட்டிவிடலாம். எட்டாதவளை மூன்று மாசத்தில் நிறுத்திவிடுவார்கள்.

“அன்னைக்கு மனசுக்குள்ள ஒரு கும்மிப்பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாட்டு ஜோரு எடுத்துச்சா, கையும் கூடவே போயிருச்சு. நல்லவேள, வாட்ச்சு சாரு டீ வாங்கத் திரும்பிட்டாரு. இந்த நாலையும் எவனாச்சும் இன்ஜினியரு பாத்தா, எண்ணூறு போடலாம்னு அங்கேயே சொல்லிருவான். பங்குனியில கணக்கப் புதுசாப் போடப் போறாங்கக்கா. இது வெளிய போனா நாங்க தொலஞ்சோம்.”

அழைப்பிதழ் ஓசூர் ஆபீசர் கிளப்புகளுக்கும் போகப் போகிறது, அந்தக் கம்பெனி இன்ஜினியர்களே வந்து பார்ப்பார்கள். நான்தான் வாயைத் திறந்து, “முப்பது நிமிஷத்தோட நிறுத்திட்டா என்ன?” என்றேன்.

“முப்பத்தொண்ணு இல்லாம அது படமே இல்லண்ணா. அதுவுமில்லாம, கை மெதுவாப் போறதே தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சிரும்.” முனவர் எழுந்து கேசட்டை வெளியே எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. காரணத்தைச் சொன்னால் நாற்பத்திரண்டு பேர் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் சிங்கப்பூர்க்காரன் சொன்னது நிஜமாகிவிடும். அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே பேர் அந்தக் குழுவில்தான் இருந்தது. ஊரில் அவள் கரீம் பெண்டாட்டி, ஆபீசில் கம்ப்யூட்டரம்மா.

மறுநாள் மதியம் அவள் எழுதியதை நான் பக்கத்தில் நின்று படித்தேன். ‘47ஆம் எண் படத்தைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். குறை: படத்தில் இல்லை. குறை இருக்கும் இடம்: பார்த்தவளிடம். முடிவு: அனுப்ப வேண்டாம். இந்தக் கேசட் இனி யாருக்கும் கிடைக்காது. காரணம் கேட்காதீர்கள்.’

நான் தடுத்துப் பார்த்தேன். ஒரு பொய்யாவது சொல், நாடா அறுந்துவிட்டது என்று எழுது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு ஐந்து நிமிடம் அழுதாள். அதற்குள் முதலாளி வந்துவிட்டதால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு ஜப்பான்காரருக்குக் கல்லைப் பற்றி எழுத ஆரம்பித்தாள்.

பதில்கள் வந்தன. சிங்கப்பூர்க்காரர் கொண்டாடிவிட்டார். ‘இதற்கு முன் சொன்ன இருபத்தியெட்டும் எப்படியோ’ என்று ஒருவர். அழகர்சாமி போன் செய்து என்னிடமே கத்தினார். போனை முனவரிடம் கொடுத்தேன்.

“ஆமாங்க, அழிக்கப் போறோம். இல்லைங்க, சொல்ல முடியாது. நீங்க என்ன வேணா நெனச்சுக்கங்க” என்றாள்.

கேசட்டை உடைத்துப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். முனவர் சம்மதிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகம்மாள் லைன் பெண்கள் பத்தொன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் இடமில்லாமல் டி.வி.யை முற்றத்துக்குத் தூக்கி வந்தோம். சினிமாக் கொட்டகை தோற்றது போங்கள். கை மெதுவாகப் போகப் போக, “அய்யோ பாவம், நாகு அக்காவுக்குக் கை வலி!” என்று ஒருத்தி கத்தினாள். முனிலட்சுமி என்று ஒரு சின்னப் பெண், ஸ்டாப்வாட்ச் இன்ஜினியர் மாதிரி நெற்றியைச் சுருக்கி நடித்துக் காட்டினாள். முப்பத்தொன்றாவது நிமிடத்தில் கை பறந்ததும் பத்தொன்பது பேரும் ஒரே குரலில் கூவினார்கள். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பாட்டு என்ன பாட்டு என்று கேட்டு, நாகம்மாளைப் பாட வைத்து, அந்த நாலு தடவையை மட்டும் ஆறு முறை திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆறாவது முறை நானும் கை தட்டினேன், ஒளிப்பானேன்.

பார்த்து முடிந்ததும் கரீம் கேசட்டைக் கேமராவுக்குள் போட்டார். சும்மா ஒரு சுவரைக் காட்டி நாற்பது நிமிடம் ஓட விட்டால் பழையது அழிந்துவிடும்.

“சொவத்த எதுக்கு எடுக்கறீங்க?” என்றாள் நாகம்மாள். “அன்னைக்குக் கைய மட்டும் எடுத்தீங்கல்ல. இப்ப எங்க மூஞ்சிய எடுங்க.”

எடுத்தார். ஒவ்வொருத்தியாகக் கேமரா முன்னால் வந்து நின்றார்கள். சிலர் வெட்கப்பட்டார்கள், சிலர் சினிமாக்காரி மாதிரி நின்றார்கள். முனிலட்சுமி பல்லைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். எல்லோரும் முடிந்தபின்னும் நேரம் மிச்சமிருந்ததால் கும்மி அடித்தார்கள். இந்தத் தடவை கரீம் மைக்கை மறக்காமல் போட்டார். வெள்ளைக் கையுறைக் கைகள் உள்ளே ஒவ்வொரு நிமிடமாக அழிந்துகொண்டிருந்தன. முனவர் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் போய்விட்டாள்.

குழுவில் அவள் பேர் திரும்பவே இல்லை. மிச்சமிருந்த படங்களைப் பார்த்து எழுதத்தான் செய்தாள். பழைய மாதிரி யாரும் பதில் போடவில்லை. டொராண்டோக்காரர் மட்டும் எப்போதாவது ஒரு வரி எழுதுவார். பெங்களூர் ஹாலில் வேறு ஏதோ படத்தைப் போட்டார்கள். எனக்குத்தான் அழகர்சாமிக்கு உண்மையை எழுதிவிடலாமா என்று வாய் அரித்தது. அவள் சத்தியம் வாங்கிவிட்டாள்.

பங்குனி கடைசியில் ஒருநாள் மூன்று மணி இருக்கும். எங்கள் ஆபீஸ் கேட்டில் நாகம்மாள் நின்றாள். கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றாமல் பஸ்சிலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள். வாட்ச்மேன் விடவில்லை. அவள் கேட்டுக்கு வெளியே நின்றபடியே எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

“அக்கா! கணக்குப் போட்டுட்டாங்க! அதே நானூத்தி எம்பதுதான்க்கா!”

முனவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், அந்த ஆபீசில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நானும் சேர்ந்து கத்தினேன். சென்னகிருஷ்ணன் பயந்துபோய் அறையிலிருந்து ஓடி வந்தார். பதறினால் அவருக்குத் தெலுங்குதான் முதலில் வரும்.

“ஏமம்மா, என்னாச்சு? ஜப்பான் ஆர்டர் வந்துருச்சா?”

“இல்ல சார்” என்றாள் முனவர். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வேறு. “எங்க படம் ஓடிருச்சு சார்!”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் மூன்று பேருக்கும் அன்றைக்கு அரை நாள் லீவு கொடுத்தார். நாகம்மாள் எங்கள் ஆபீசில் வேலை பார்ப்பவள் இல்லை என்பதுகூட அந்த மனுஷனுக்கு அப்போது தோன்றவில்லை.